அன்னாரைக் கண்டவர்கள்

பிற்பகல் வெயில் அச்சகத்தின் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்து கணினித் திரையின் பாதியை வெளுக்க அடிக்கிறது. நான்கு நாளாகக் கணவரைக் காணாமல் தேடும் அந்த அம்மாள், அடிக்கப்போகும் துண்டறிக்கையைத் திரையோடு முகத்தை ஒட்டி, வரிமேல் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவருடைய படம், உயரம், கடைசியாகப் போட்டிருந்த நீலச் சட்டை, அவள் தம்பியின் தொலைபேசி எண் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ‘அன்னாரைக் கண்டவர்கள்’ என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிடுகிறது. “இது சாவுக்குப் போடுற வார்த்தையாச்சே?” தட்டச்சு செய்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். தினமும் நாலு இரங்கல் அட்டை அடிக்கிற கை அது, பழக்கத்தில் தானாகவே அடித்துவிட்டது. “‘அவர்’னுதாம்மா அர்த்தம். ஒரு மரியாதைக்குப் போடுறது.” “அகராதியிலயும் அப்படித்தான்க்கா இருக்கும், விடு” என்கிறான் கூட வந்திருக்கும் தம்பி. உள்ளே அச்சு இயந்திரம் சூடேறி முனகுகிறது. விரல் நகரவில்லை, அதைச் சுற்றித் திரையில் வியர்வை மெல்லப் படர்கிறது. “அவர்னே போடுங்க” என்கிறாள். “செவுத்துல ஒட்டினதை அவரே பாத்தார்னா, கோவிச்சுக்கிட்டு வராமலே இருந்துடுவார்.”