தொடுகுச்சியின் சந்தேகம்

ஒரு பழைய கைக்கணினியின் விலாப் பொந்துக்குள் ஒரு தொடுகுச்சி குடியிருந்தது. திரையைக் குத்துவதுதான் அதற்கு வேலை. ஆனால் திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம். குச்சிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"இந்தக் கைக்கணினிப் பய பன்னிரண்டு வருஷமா என்னைப் பத்தித்தான் என்னமோ எழுதி வச்சிருக்கான். இல்லேன்னா எதுக்கு எனக்குப் புரியாத பாஷை?" என்று பக்கத்தில் கிடந்த சார்ஜரிடம் பொருமியது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் வெளியே குதித்து, மொழி மாற்றும் இடத்தைத் தேடிப்பிடித்து, பட்டியலில் இருந்த தமிழைக் குத்தியது. உடனே சிவப்புக் கட்டத்தில் நாலு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

"அண்ணே, ஏதோ எச்சரிக்கை மாதிரி இருக்கு. அவசரப்படாதீங்க," என்றது சார்ஜர்.

"ஓகோ, நீயும் அவன் ஆளா? குட்டு வெளிப்படப் போகுதுன்னு பதறுறான், பாரு!" என்று குச்சி கட்டத்துக்குள் இருந்த பச்சைப் பொத்தானை ஓங்கிக் குத்தியது.

திரை அணைந்து எரிந்தது. எங்கும் தமிழ். ஆவலோடு குறிப்பேட்டைத் திறந்தால், பன்னிரண்டு வருஷக் குறிப்பில் ஒரு வரிகூட மிச்சமில்லை. எல்லாம் அழிந்திருந்தது.

குச்சி மெல்லப் பொந்துக்குத் திரும்பியது. கைக்கணினி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருப்பா நீ? என் விலாவுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

ஒவ்வொரு வார்த்தையும் குச்சிக்குப் புரிந்தது.