கட்டைப் பெல்ற்

“ஏசியைப் போடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“இப்பக் குளிரும் ஐயா” என்று சாரதி சந்தியோகு சொல்லி வாய் மூடவில்லை, காரின் முன்பக்கம் வீரிட்டது.

ரப்பர் கருகும் மணம். பிறகு படாரென்று ஒரு சத்தம். கார் இரண்டு முறை குலுங்கிவிட்டு, குருநகர் மீன்சந்தைக்கு நேர் எதிரே, பத்து மணி வெயிலில் நின்றது.

நிற்பதற்கு அதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

பின்னால் இருந்தவர் தில்லைநாதன் ஐயா. கூப்பிடு தூரத்தில் தெரிகிற ஐஸ் தொழிற்சாலையின் முதலாளி. மீனால் மாடிவீடு கட்டிய மனிதருக்கு மீன் மணம் மட்டும் ஆகாது. யப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்த இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து, குருநகருக்குள் கண்ணாடி இறங்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

சந்தியோகு இறங்கிப் பொனற்றைத் திறந்தான். பார்த்தான். திரும்பி வந்து முன்கதவுக்குள் தலையை நீட்டினான்.

“ஏசியின்ரை கொம்பிரசர் இறுகிப்போச்சு ஐயா. பெல்ற் அறுந்திட்டுது. கொம்பிரசரை விட்டிட்டு பெல்ற் சுத்துற மற்றச் சில்லுகளுக்கு மட்டும் நீளம் குறைஞ்ச ஒரு கட்டைப் பெல்ற் போட்டால் கார் ஓடும். குளிர் வராது.”

“என்னத்தையெண்டாலும் கெதியாப் போடு. கதவைச் சாத்து.”

அதற்குள் மீன் விற்கிற பெண்கள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் றோஸ், சந்தியோகுவின் மனைவி. ஐயாவுக்கு அது தெரியாது.

இரண்டு மாதமாக அவர்கள் இந்தக் காரைத்தான் மறிக்கப் பார்த்தார்கள். கொழும்பு லொறிகள் வரத் தொடங்கியதும் ஐஸ் முழுவதும் லொறிக்குப் போனது. ஓலைக் கடகத்தில் மீன் சுமக்கிற பெண்களுக்கு வாசலில் கிடைத்ததெல்லாம் காவலாளியின் ஒரே பதில்தான். முடிஞ்சுது, வேணுமெண்டால் ஐயாவோடை கதையுங்கோ.

எங்கே கதைப்பது? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கார் போகும். வெளியே கையை உயர்த்திக் கத்துகிற மனைவியைப் பார்த்தும் பாராதவனாகச் சந்தியோகு ஓட்டிப் போவான். பிள்ளைகள் பசித்துப் படுத்த நாட்களிலும் அப்படித்தான் ஓட்டினான். அந்த வெட்கத்தை அவன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

றோஸ் விறுவிறென்று போய் ஒரு பெல்ற்றோடு வந்தாள். தம்பி கனிசியஸின் இயந்திர வள்ளத்துக்கு வாங்கியதாம்.

ஐந்து நிமிட வேலை. சந்தியோகு அதை அரை மணித்தியாலம் செய்தான்.

ஐயா இறங்கி நடந்திருக்கலாம். வெள்ளை வேட்டியோடு மீன்தண்ணீரில் கால் வைக்க மனம் வரவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். வியர்வை நின்றபாடில்லை.

கண்ணாடி நான்கு விரல் இறங்கியது. பிறகு பாதி. பிறகு முழுவதும்.

றோஸ் கடகத்தைத் தூக்கிக் காரின் சன்னலில் வைத்தாள். உள்ளே கண் கலங்கிப்போன ஒரு பாரை மீன்.

“உந்த மீனை எடு!” என்றார் ஐயா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

“நீங்கள் அரை மணித்தியாலம் குளிர் இல்லாமல் இருந்தியள் ஐயா. இந்த மீன் விடிய அஞ்சு மணியிலையிருந்து இருக்குது. லொறிக்கு முதல் எங்களுக்குப் பத்துக் கட்டி ஐஸ் தரவேணும். ஓமெண்டு சொல்லும் மட்டும் விலகமாட்டம்.”

“சந்தியோகு! உவளை விலத்தடா!”

சந்தியோகு பொனற்றைச் சாத்தினான். எட்டு வருடமாக அந்தக் குரலுக்கு அவன் சொன்ன பதில் ஓம் ஐயா என்பது ஒன்றுதான். கையை நிதானமாகச் சீலைத்துண்டில் துடைத்தான்.

“ஏலாது ஐயா. உவ என்ரை மனுசி.”



ஐயா அவனைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். நாளைக்குப் பார்ப்பம் என்று மெல்லச் சொன்னார்.

“இப்ப சொல்லுங்கோ” என்றாள் றோஸ். “காவல்காரன் உங்கடை தொழிற்சாலை வாசலிலைதான் நிக்கிறான்.”

தில்லைநாதன் ஐயா அன்றுதான் முதல்முறையாகக் குருநகர்த் தெருவில் தலையை வெளியே நீட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். நாளை முதல் பத்துக் கட்டி, லொறிக்கு முன்னால், இந்தப் பெண்களுக்கு. தெரு முழுவதும் கேட்டது.

றோஸ் கடகத்தை எடுத்தாள்.

கார் ஒரே திருப்பில் உயிர்பெற்றது. நான்கு கண்ணாடிகளும் திறந்திருக்க, மீன் மணமும் கடற்காற்றும் உள்ளே புகுந்து மறுபக்கத்தால் போயின. சந்தியோகு மனைவியைப் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டே ஓட்டினான்.

சற்றுத் தூரம் போனதும் ஐயா கேட்டார்.

“அளவெடுக்காமல் கொண்டுவந்த பெல்ற் எப்பிடி அச்சொட்டாய்ச் சரிவந்தது?”

“அதுதான் ஐயா, எனக்கும் விளங்கேல்லை.”

கொம்பிரசர் இறுகியதை நேற்றுப் பின்னேரம் கார் கழுவும்போதே அவன் கண்டிருந்தான். அதை விட்டுவிட்டு மற்றச் சில்லுகளைச் சுற்றி வலைநூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, நூலை றோஸிடம் கொடுத்தான். அந்த அளவுக்கு அவள் வாங்கிய கட்டைப் பெல்ற் விடிந்ததிலிருந்து அவளுடைய தராசில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏசியைப் போடாமல் விட்டிருந்தால் பழைய பெல்ற்றோடேயே கார் ஓடியிருக்கும். வீட்டிலிருந்து அவன் அப்படித்தான் ஓட்டி வந்தான்.

சந்தை கண்ணில் பட்ட பிறகுதான் சுவிச்சை அழுத்தினான்.