அறுபத்தைந்துக்குக் கீழே

“நாடித்துடிப்பு தொண்ணூறுக்குக் குறையவே மாட்டேங்குது. அறுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கினாத்தான் இதய ஸ்கேன் படம் மங்காம விழும். எதையும் மனசுல போட்டுக்காம உட்காருங்க” என்று கூறிவிட்டு நர்ஸ் அகன்றாள்.

கணவருக்கு வியர்த்துக் கொட்டியது. “ரத்தக்குழாய்ல அடைப்புன்னு சொல்லிட்டா என்ன பண்றது?”

“வாயைக் கழுவுங்க! ஒரு வலியும் வராதப்பவே பார்த்துக்கத்தானே வந்திருக்கோம்? ஆரம்பத்துலயே தெரிஞ்சா மாத்திரையோட போயிடும்.”

“அந்த மெஷினுக்குள்ள மூச்சு முட்டாதா?”

“அது வெறும் வளையங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். நம்ம கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் நடுங்கினீங்க. உசுரோடதானே இருக்கீங்க?” சிரித்தபடியே மனைவி அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வந்த நர்ஸ், மனைவியின் விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தாள்.

“அறுபத்திரண்டு! எழுந்து வாங்கம்மா, உங்க ஸ்கேனை இப்பவே எடுத்துடலாம்.”

அவள் வளையல்களைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றாள்.

“காலையிலேருந்து பதறிட்டிருந்தாங்களே, எப்படி சார் இறங்கிச்சு?” என்று வியந்தாள் நர்ஸ்.

“அவ அப்பாவும் அண்ணனும் அம்பது வயசுலயே மாரடைப்புல போயிட்டாங்கம்மா. தன் நெஞ்சை நெனச்சாலே படபடன்னு ஆயிடுவா. நான் பயந்தா மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துடும்.”

“அப்ப நீங்க பயந்ததெல்லாம் நடிப்பா? பிரமாதம் சார்!”

“அப்படித்தாம்மா ஆரம்பிச்சேன்” என்றார் அவர்.

மனைவியின் வளையல்கள் அவருடைய கைகளில் ஓயாமல் குலுங்கிக்கொண்டிருந்தன.