நூற்று நான்கு புள்ளி இரண்டு

மகன் இளவரசனின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவனுடைய கேம் கன்சோல் சுட ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சூடு குறையவில்லை. ரஞ்சனி வீட்டிலிருந்த தெர்மாமீட்டரை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். 104.2. மகனுக்குக் கடைசியாகக் காய்ச்சல் பார்த்தபோதும் அதுதான் காட்டியது.

“சிங்காரத்தோப்புல சர்வீஸ் கடை இருக்கு. கொண்டுபோய்க் காட்டுங்க,” என்றாள்.

“இதுக்கெல்லாம் எதுக்குக் கடை? நாமளே பார்த்துக்கலாம்,” என்றார் அவள் கணவர் நல்லுசாமி.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வந்தவரும் அவர்தான். ரஞ்சனி அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை.

வீடியோ பார்த்துக் கன்சோலைத் திறந்தார். மூடியில் ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேனைப் பொருத்தினார். டிரில் வைத்த இடத்தில் கன்சோல் நடுங்கியது. ரஞ்சனி ஈரத்துணியைப் பிழிந்து கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார்.

மறுநாள் அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் குளித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். கன்சோல் சில்லென்றிருந்தது.

“சூடு விட்டுடுச்சு. நான்தான் சொன்னேன்ல,” என்று சிரித்தார்.

மகனின் கடைசி நாளன்று காலை அவன் நெற்றியைத் தொட்டுவிட்டும் இப்படித்தான் சிரித்தார். தூங்கட்டும், எழுப்பாதே என்றார். ரஞ்சனி மதியம்வரை எழுப்பவில்லை.