சிவப்புப் பொட்டு

"ரெண்டு தடவையும் கோணல் சரக்கைத் தலையில கட்டியிருக்கீங்க. இவ வாழ்க்கையோட விளையாடறீங்களா?"

கணவர் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளூரப் பெருமைதான். பரிந்து பேச ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே, மினுக்கும் சிவப்புச் சாயம் பூசிய நகங்களால் கண்ணாடி மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விமானிகளுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. மேஜைமேல் கிடந்த வட்டத் தட்டுக்கு ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்று பெயர். பேர்தான் பெத்த பேர். பேட்டரியும் கிடையாது, திரையும் கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள், ஓரமெல்லாம் எண்கள். கையால் சுழற்றித்தான் காற்றுக்கும் வேகத்துக்கும் எரிபொருளுக்கும் கணக்குப் போட வேண்டும்.

நேவிகேஷன் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது எல்லாக் கணக்கும் கச்சிதமாக வரும். பரீட்சை ஹாலில் மட்டும் காலை வாரிவிடும். கொடுத்திருக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம், தட்டு மயிரிழை பிசகினாலும் பக்கத்து விடைதான் சரியென்று காட்டும். இந்த முறையும் போனால் பயிற்சிப் பள்ளியில் அவள் இடம் வேறு ஆளுக்கு.

முதல் முறை தோற்றபோது, வெயிலில் ப்ளாஸ்டிக் வளைந்திருக்கும் என்று சொன்னவர் கணவர்தான். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கித் தந்ததும் அவர்தான். பரீட்சைக்குக் கொண்டுபோகும் பையைக்கூட அவரே அடுக்கி வைப்பார். "நீ நிம்மதியா தூங்கு கேப்டன், நான் பாத்துக்கறேன்" என்பார். வேலை கிடைத்தால் வெளியூரில்தான் தங்க வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னபோது, நீ பறந்து போய்விட்டால் நான் யாரைக் கேப்டன் என்று கூப்பிடுவது என்று கேட்டுச் சிரிக்க வைத்தவர். இன்றைக்குத் தன் வாட்ச் ரிப்பேர் கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

இரண்டாவது தட்டையும் குப்பையில் போடச் சொல்லியிருந்தார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று, கணவருக்குத் தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கடைக்குள் நுழைந்ததும் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

கணவரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. தட்டை எடுத்துக் கண்ணாடிமேல் மல்லாக்க வைத்தார். ஒரு தாளை நுழைக்கக்கூட இடைவெளி இல்லாமல் படிந்து கிடந்தது. பிறகு மேல்தட்டைச் சுழற்றிப் பத்துக்கு நேராகப் பத்தை நிறுத்தினார்.

"இப்படி வெச்சா சுத்திலும் எல்லா நம்பரும் நேருக்கு நேர் நிக்கணும்மா. ஒவ்வொண்ணையும் இப்படிப் பாத்துட்டுத்தான் விப்பேன். இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க."

எதிர்ப்பக்கத்தில் கோடுகள் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு நின்றன.

வளைந்திருக்கிறதா என்று கேட்டாள். வளையவில்லை, நடு மாறியிருக்கிறது என்றார். லென்ஸை எடுத்து நடுவில் இருந்த பொடி ஸ்க்ரூவைப் பார்த்தார். பிறகு லென்ஸை அவளிடம் கொடுத்தார்.

"இதை யாரோ கழட்டிப் பூட்டியிருக்காங்க. கழட்டக் கூடாதுன்னு கம்பெனியிலயே ஸ்க்ரூ மேல ஒரு சிவப்புப் பொட்டு வெப்பாங்க, மங்கலா இருக்கும். இது என்னமோ மினுமினுக்குது."

குனிந்து பார்த்தாள். பொட்டுக்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. லென்ஸைப் பிடித்திருந்த அவள் கட்டைவிரல் நகம் பக்கத்திலேயே தெரிந்தது. சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வெளியில ரிப்பேருக்குக் குடுத்தீங்களாம்மா?"

இல்லையென்று தலையாட்டினாள். கோபமும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. எத்தனை விடியற்காலை எழுந்து படித்தது, எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். தேறாத ஜென்மம் என்று தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டிருந்தாள்.

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும் கடைக்காரருக்கு. அலமாரியில் இருந்தவற்றையெல்லாம் எடுத்துப் பரப்பினார். பேட்டரியில் ஓடுவதைப் பரீட்சையில் அனுமதிக்க மாட்டார்கள் என்று தள்ளி வைத்தார். மிச்சம் இருந்தவை ப்ளாஸ்டிக்கில் ஒன்று, உலோகத்தில் ஒன்று. ப்ளாஸ்டிக் கைக்கு லேசாக இருக்கும், நடுவில் அதே ஸ்க்ரூ. உலோகத்தில் ஸ்க்ரூ கிடையாது, ஆணி அறைந்தாற்போல் ரிவெட் அடித்தது, ஆனால் கனம்.

போனைச் சட்டைப்பையில் போட்டபடி கணவர் உள்ளே வந்தார். கோபமெல்லாம் இறங்கி, பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. பரப்பியிருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு ப்ளாஸ்டிக்கை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதையே எடுத்துக்க கேப்டன். அது கனம், உனக்குக் கை வலிக்கும். பரீட்சைக்கு முன்னால நானே ஒரு தடவை நல்லா பாத்து வெச்சிடறேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"எதைம்மா போடட்டும்?" என்றார் கடைக்காரர்.

"இவரால கழட்ட முடியாததைக் குடுங்க."