சின்னவள் சிரித்தாள்

பர்மா அரிசி வருவது நின்றுபோன வருஷம், பருத்திப்பட்டில் வாந்திபேதியும் வந்தது. பொன்னம்மாள் தன் மூத்த மகளின் உடல்மேல் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எதிரே நின்ற இரண்டு வயதுச் சின்னவள் கைதட்டிச் சிரித்தாள்.

"அக்கா செத்துக் கெடக்குறா, இது இன்னாடி சிரிச்சிகினு கீது?" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள்.

"பச்சப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் இன்னொருத்தி.

கன்னியம்மாள் குழந்தையை இழுத்து உட்காரவைத்தாள். "அம்மா அழுவுறா பாரு. சிரிக்கக் கூடாது."

"அம்மா அழுவுது," என்று குழந்தை இன்னும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடியது.

"கல்நெஞ்சுடி இதுக்கு."

பொன்னம்மாள் நிமிர்ந்தாள். "அதத் திட்டாதக்கா. கூலிக்கு மாரடிக்கிறவ பெத்தது. எழவு ஊட்ல நான் அழுத அன்னிக்குத்தான் இதுங்க ரெண்டும் சோத்தப் பாத்துதுங்க."

குழந்தை இரண்டு தட்டுகளோடு திரும்பி வந்தது. ஒன்றை அக்காவின் கையருகில் வைத்தது. இன்னொன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தது.

பொன்னம்மாளுக்கு அழுகை நின்றுபோயிருந்தது.

குழந்தையின் உதடு பிதுங்கியது.

"அழும்மா," என்றது.