ஒரு வாரத்துக்கு ஒரு லீவு

“கல்யாணம்கிறது சொந்த விஷயம், ஜெயசுதா. அதுக்காக ஆபீஸ் விதிய வளைக்க முடியாது,” என்றார் மேலாளர் மணிமாறன்.

ஃபஹ்மிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரம்பலூரில் மகளிர் குழுக்கள் நடத்தும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுத அன்று காலைதான் சேர்ந்திருந்தாள். மேலாளர் தங்கமானவர் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் லப்பைக்குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

“சம்பளத்தோடவா சார் கேக்கறேன்? அந்த லீவெல்லாம் எனக்கு அம்மை போட்டப்பவே தீந்துபோச்சு. சம்பளமில்லாத லீவுதானே? ஒரு வாரம் குடுங்க.” ஊர் ஊராகப் போய்க் குழுக்களைப் பார்த்துக்கொள்பவள் ஜெயசுதா. குரலும் அதற்குத் தகுந்த மாதிரி கணீரென்று இருந்தது.

“சம்பளமில்லா விடுப்புக்கும் விதி இருக்கு. ஒரே வாரத்துல ரெண்டு பேருக்குக் கிடையாது. அந்த வாரம் வேற ஒருத்தருக்குச் செயலாளர் ஏற்கெனவே குடுத்துட்டாரு.”

“கல்லங்குறிச்சி பெருமாள் கோயில்ல தேதி வாங்கியாச்சு. பத்திரிகையும் அடிச்சாச்சு.”

“பாத்தேன். நல்லாத்தான் அடிச்சிருக்காங்க.” மணிமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடியக்காலை முகூர்த்தம்தானே? முடிச்சிட்டு அப்படியே தா.பழூர் குழுக் கூட்டத்துக்குப் போயிடலாம்ல?”

“மாலையும் கழுத்துமாவா சார்?”

“பஸ்ல கழட்டி மடியில வச்சிக்கிறது.”

ஃபஹ்மிதாவுக்குத் தன் கவலை வந்துவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு வருவதாகக் காமில் துபாயிலிருந்து முந்தாநாள்தான் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தான். கல்யாணமான மறுமாதம் போன புருஷன். அப்போது லீவு கேட்டால் இந்த மனுசர், ‘ஏர்போர்ட்டுல பாத்துட்டு அப்படியே வேலைக்கு வந்துடுங்க’ என்பாரோ?

இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று எழுந்துவிட்டாள்.

“சார், நான் புதுசு. தப்பா நெனைக்காதீங்க. அந்த இன்னொருத்தரு யாருன்னு சொல்லுங்க. நான் பேசி லீவ மாத்திக்கச் சொல்றேன்.”

“அவரு மாத்திக்க மாட்டாரும்மா. முன்னாடி கேட்டவரு அவருதான். விதிப்படி அவருக்குத்தான்.”

“அப்படி என்ன சார் தலைபோற காரியம் அவருக்கு?”

மணிமாறன் தொண்டையைச் செருமினார்.

“அல்லாவே! ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்கப்போவுது. அது தெரிஞ்சும் லீவ விட்டுக்குடுக்காதவரு ஒரு மனுசனா சார்?” சொன்ன பிறகுதான், சேர்ந்த அன்றே வேலை போய்விடுமோ என்று அவளுக்கு உறைத்தது.

மணிமாறன் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையால் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

ஜெயசுதா இப்போது அழுதுவிடுவாள் என்று நினைத்து ஃபஹ்மிதா அவள் தோளைத் தொட்டாள். அவளோ நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி சார். நீங்க மட்டும் போயி எனக்குத் தாலி கட்டிட்டு வாங்க, ஆபீஸ நான் பாத்துக்கறேன்!”